கதவைத் திறந்தாளா?

இன்று ராமநாதபுரத்தில் பஸ் ஏறியதும், பாதியில் விட்ட காதல் நாவலை எடுத்தேன்.

பக்கத்து சீட்டு அக்கா அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: "குடும்பத்துப் பொம்பள படிக்கிற புத்தகமா இது?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். நாயகிக்கு மூளை இருந்தால்தான் முத்தத்துக்கே ருசி என்று அவரிடம் விளக்கவா முடியும்.

பாம்பன் பாலம் ஏறும்போது அக்காவின் கண் என் புத்தகத்துக்குள் இருந்தது.

கோர்ட்டில் தன்னைத் தோற்கடித்த வக்கீல் பெண்ணின் வீட்டுக் கதவை நாயகன் தட்டுகிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

தங்கச்சிமடத்தில் இறங்க எழுந்தவர், குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "கதவத் தெறந்தாளா?"

"குடும்பத்துப் பொம்பளைக்கு எதுக்குக்கா அதெல்லாம்?" என்றேன், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

வீட்டுக்கு வந்து மீதியைப் படித்துவிட்டேன். உங்களுக்கும் தெரிய வேண்டுமென்றால், என் புத்தகங்களைக் கேலி செய்து இதுவரை சொன்னதையெல்லாம் முதலில் இங்கே கமெண்ட்டில் வாபஸ் வாங்குங்கள்.