பொம்மிடியில் ஒரு தண்ணீர் அடுப்பு

எங்கள் பட்டுநூல் கொட்டகையை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் 1989 வைகாசியில் நானும் அப்பாவும் பொம்மிடி போனோம். பட்டுக்கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால்தான் நூல் நுனி கிளம்பும். அதற்கு விறகு வேண்டும். விறகு விலைதான் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கொட்டகை நின்றால் நான் சேலம் பக்கம் நூல்மில் விடுதிக்குப் போகவேண்டும். எட்டாவதோடு நின்றவள். புது ஆட்களிடம் பேச வராது.

ஒரு ஜாடித் தண்ணீருக்குள் கம்பி விட்டால், அணுக்கள் சேர்ந்து மலிவாகச் சூடு வருகிறதென்று வெளிநாட்டில் சொல்வதாகப் பேப்பரில் வந்திருந்தது. பொம்மிடி லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் அதையே செய்துவிட்டார் என்று சந்தையில் பேச்சு.

மொரப்பூரில் காலை பாசஞ்சர் பிடித்தோம். டிக்கெட் ஆளுக்கு இரண்டு ரூபாய், நிற்கத்தான் இடம். பொம்மிடியில் டவுன் பஸ்ஸுக்கு ஐம்பது காசு. கண்டக்டர், "தண்ணி அடுப்புக்காரர் வூட்டுக்குங்களா? டீ கேட்டுப் பாருங்க, அதுல போட்டுத் தர்றாரான்னு" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை, நிழலே கிடையாது.

பட்டறைக்காரர் மரியாதையானவர். கண்ணாடி ஜாடி, உப்புத் தண்ணீர், இரண்டு கம்பி, பேட்டரிக்குப் போகும் ஒயர். பேப்பரில் சொன்ன விலையுயர்ந்த உலோகமும், கனநீர் என்கிற தனி வகைத் தண்ணீரும் சேலத்திலும் கிடைக்கவில்லையாம், அதனால்தான் உப்புத் தண்ணீர். அப்பா ஜாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்று செய்து தர எத்தனை நாளாகும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். சோதிக்காமலே பணம் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. தாவணி முனையில் முடிந்து வந்த ஐந்து கூடுகளை ஜாடியில் போட்டேன். அரை மணி நேரம் பார்த்தோம். நுனி கிளம்பவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும் சூடுதான்.

"ஒயரைக் கழட்டினாலும் சூடு வருங்களா?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது.

கழற்றினார். நாங்கள் மோர் குடித்துப் பேசிக்கொண்டிருந்ததில் ஜாடி ஆறிவிட்டது.

"பேட்டரி சூடுதான் போலிருக்கும்மா. ஒரு மாசமா கழட்டிப் பார்க்க மனசு வரல" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: வெளிநாட்டில் நடப்பது உண்மையா என்று எனக்குத் தெரியாது, பேப்பரிலும் இன்னும் சண்டைதான். யார் காட்டினாலும், நீங்கள் சூடாக்க வேண்டியதைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். மாலை பாசஞ்சரை நம்பாதீர்கள், குடிதண்ணீர் எடுத்துப் போங்கள்.

திரும்பும் வழியில் அப்பா பேசியது இவ்வளவுதான்: "இருக்கிற கூட்டை முடிச்சிருவோம், கண்ணு. அப்புறம் மில்லுல கேட்டுப் பார்க்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் நனைந்த ஐந்து கூடுகளையும் விறகு அடுப்பில் கொதிக்க வைத்தேன். முதல் தடவையிலேயே நுனி வந்துவிட்டது.