நூறு அக்காவின் தொண்டை

என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிய படிவங்கள் எட்டு மிச்சமிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள், ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள். அடியில் 'கேட்டவர் கையொப்பம்' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் நான் எத்தனை முறை கையெழுத்துப் போட்டேன் என்பது எனக்குத் தெரியும். அவற்றில் எத்தனை பொய் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே, பதினேழு படி ஏறினால் எங்கள் கம்பெனி. அலுவலகத் தொலைபேசிகளை இன்டர்நெட் கம்பியில் இணைக்கும் பெட்டியும் அதற்கான மென்பொருளும் செய்தோம். முதலாளியை எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் சொல்வோம். முப்பத்திரண்டு வயது, நகம் கடிக்கிற பழக்கம். அவரோடு சேர்த்துப் பதினோரு பேர். ஐம்பத்தைந்து வயதில் வேறொரு தொழிற்சாலை மூடியதால் அங்கே வந்து சேர்ந்த நான்தான் அதிக வயதுக்காரன். பதிவேடுகள் என் பொறுப்பு. பெட்டிகளைச் சோதித்தவர் ராயபுரத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி. அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நூறு அக்கா.

சோதனை முறையை அவரே ஏற்படுத்தினார். புதுப் பெட்டி தயாரானதும் அவர் பின்னறையில் ஒரு போனை எடுத்துக்கொள்வார், நான் முன்னறையில் மற்றொன்றை. அவர் ஒன்றிலிருந்து நூறு வரை சொல்ல, காதில் விழுந்த எண்ணுக்கு நான் கட்டத்தில் டிக் போட வேண்டும். விழாத எண்ணின் கட்டம் காலி. மூன்று கட்டத்துக்கு மேல் காலியானால் பெட்டி வெளியே போகாது. அக்காவின் அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். ஏலக் கூச்சலுக்கு நடுவே பேசிப் பேசி வளர்ந்த தொண்டை அது. போதாக்குறைக்குக் கீழே லேத் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அவர் எண்களைச் சொல்வதில்லை, எறிவார். முடிந்ததும் ஒரே கேள்விதான்: "இன்னா நைனா, எத்தினி பூட்ச்சு?" பெரும்பாலும் "ஒன்றுமில்லை அம்மா" என்பேன். "அப்போ பொட்டி பாஸு. நீ காது கொடைஞ்சிகினு வந்தியா இன்னிக்கு?" என்று சிரிப்பார்.

எண்ணூர்ப் பக்கம் அமிலத் தொட்டிகள் வைத்திருந்த ஒரு கிடங்கிலிருந்து எங்களுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. நான்கு பெட்டிகள், முப்பத்திரண்டு போன்கள். தொட்டிக்குத் தொட்டி ஒரு போன், எல்லாம் வாசலில் இருந்த பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போகும். நான்கு படிவங்களிலும் நூற்றுக்கு நூறு. நான்கிலும் என் கையெழுத்து. பெட்டிகளை மாட்டிவிட்டு வந்தோம். சனிக்கிழமை காலை அங்கிருந்த பழைய தொலைபேசிகளைக் கழற்றிவிடுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை, அக்கா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர்கள் மாதா கோயிலில் ஒன்பது நாள் நவநாள் ஜெபம். மைக் பழுதானதால் ஒன்பது நாளும் ஜெபம் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. உபரியாகச் செய்து வைத்திருந்த ஐந்தாவது பெட்டியை அன்று சோதிக்க வேண்டியிருந்தது. லேத்தில் அன்று வேலை இல்லை. அவர் பின்னறையில் முணுமுணுக்க, நான் டிக் போட்டேன். முடிந்தபோது முப்பத்தேழு கட்டங்கள் காலி. பெட்டி கோளாறு என்று வேறு ஆர்டருக்கு வைத்திருந்த ஒன்றை மாட்டினோம். முப்பத்தொன்பது. இன்னொன்று. முப்பத்தாறு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் மென்பொருளில் ஒரு சாமர்த்தியம் உண்டு. யாரும் பேசாத நேரத்தில் அது கம்பியில் எதையும் அனுப்பாது, இடம் மிச்சம். இதைச் சொல்லித்தான் இன்ஜினியர் பெட்டிகளை விற்றார். ஆனால் எது பேச்சு, எது மௌனம் என்று அளக்க அதற்கு ஒரு அளவு வைக்க வேண்டும். அந்த அளவை நாங்கள் அக்காவின் தொண்டையை வைத்தே சரிபார்த்திருக்கிறோம். மெலிந்த குரல் எதுவும் அதற்குக் குரலே இல்லை, மௌனம். நூறு அக்காவின் கூச்சலைத் தவிர வேறு யாருடைய பேச்சையும் நாங்கள் சோதித்ததே இல்லை.

இன்ஜினியரிடம் படிவங்களைக் காட்டினேன். அவர் வெகுநேரம் நகத்தைக் கடித்தார். "தொண்டை கட்டியிருக்கறப்ப டெஸ்ட் பண்ணா அப்படித்தான் வரும் சார். திங்கட்கிழமை பாத்துக்கலாம். இப்ப போய் சொன்னா நாலு பெட்டியும் திரும்பி வரும். அப்புறம் கம்பெனியே இருக்காது" என்றார். அவர் சொன்னதும் உண்மை. பதினோரு பேரில் யாருக்கெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று அந்த இடத்திலேயே எண்ணினேன், ஏழு பேருக்கு. நான்கு படிவத்தில் என் கையெழுத்து இருப்பதையும் எண்ணினேன். திங்கட்கிழமை வரை இரண்டு நாள்தானே என்று என் வாய் சொல்லத் தயாராகிவிட்டதை மறைக்க விரும்பவில்லை.

அக்கா கதவருகே நின்றிருந்தார். காற்று மட்டுமே வெளிவரும் குரலில் சொன்னார்: "ஆசிட்டு ஒழுகினா அவன் இன்னா என்னிய மாரி கத்துவானா சார்? பொகைய முழுங்கிட்டு இருமிகினுதான் பேசுவான். நம்ம பொட்டி அத்த துன்னுடும்." பிறகு என் பக்கம் திரும்பி, "என் தொண்டைய நம்பி ஒருத்தன் உசிர வெக்காத நைனா" என்றார்.

எங்கள் அலுவலக மூலையில் தொலைபேசி இலாகாக்காரர்கள் கொடுத்த, எங்கள் பெட்டியில் சேராத பழைய தொலைபேசி ஒன்று இருந்தது. அக்கா அதன் ரிசீவரை எடுத்துக் கிடங்கின் எண்ணைச் சுழற்றினார். மணி அடிப்பது எனக்கே கேட்டது. ரிசீவரை என்னிடம் நீட்டினார். "நீ பேசு. எனக்கு இன்னிக்குக் கொரல் இல்ல." நான் இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. பாதுகாப்பு அதிகாரியிடம் என் பெயரைச் சொன்னேன். நாளைக் காலை பழைய போன்களைக் கழற்ற வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

பெட்டிகள் திரும்பி வந்தன. அளவை மாற்றி எழுதப் பத்தொன்பது நாள் ஆயிற்று. கிடங்குக்காரர்கள் கடைசியில் பாதி ஆர்டரைத்தான் ஏற்றார்கள். தொட்டிகளுக்குப் பக்கத்தில் பழைய போன்களையே வைத்துக்கொண்டார்கள். கம்பெனி தள்ளாடியபடி இன்னும் நான்கு வருடம் ஓடியது. படிவத்தின் பின்பக்கத்திலும் நூறு கட்டம் அச்சடித்தோம். முன்பக்கம் கத்தலுக்கு, பின்பக்கம் முனகலுக்கு. அளவை மாற்றுவதற்கு முன்பே இருபத்துமூன்று இடங்களுக்கு அறுபத்தோரு பெட்டிகள் போயிருந்தன. அனைவருக்கும் கடிதம் எழுதினேன். இருபத்திரண்டு பேர் பதில் போட்டார்கள். அந்த ஒருவர் ஏன் போடவில்லை என்று இப்போதும் சில சமயம் சாப்பாட்டின் நடுவே யோசிக்கையில் கை நின்றுவிடும்.

இப்போது நான் எம்.கே.பி. நகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அக்கா செல்போனில் கூப்பிடுவார். நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றிலிருந்து நூறு வரை சொல்வார். விளையாட்டாகத் தொடங்கியது வழக்கமாகிவிட்டது. நானும் விளையாட்டாகவே படிவத்தில் டிக் போடுவேன். சில வாரங்களுக்கு முன்பு மூன்று கட்டம் காலியானது. அடுத்த வாரம் ஏழு. அப்புறம் பதினொன்று, பதினான்கு. ஒவ்வொரு வாரமும் "எத்தினி பூட்ச்சு?" என்று கேட்டார். ஒவ்வொரு வாரமும் ஒன்றுமில்லை என்றேன். காது போகிறது என்று ஒருமுறை வெளியே சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம்.

போன ஞாயிறு பத்தொன்பது காலி. அவர் வழக்கம்போலக் கேட்டார். பேனா கோட்டின் மேல் நின்றது.

"பத்தொன்பது" என்றேன்.

சற்று நேரம் சத்தமில்லை. பேசவில்லையா, எனக்குத்தான் விழவில்லையா என்று தெரியாமல் போனைக் காதில் அழுத்தினேன். பிறகு வந்தது அந்தப் பழைய குரல், லேத்துக்கு மேலே எறிகிற குரல்: "போனா, காதா?"

"காதுதான் அம்மா."

"எத்தினி வாரமா மறைச்சிகினு கீற?"

"நான்கு."

"அட பேஜாரு நைனா! நாளைக்குக் காலீல ரெடியா இரு, ஆட்டோ எடுத்துகினு வரேன், டாக்டராண்ட போலாம். இப்ப அந்தப் பக்கத்துக் காதுல வெச்சிக்க. மறுக்கா சொல்றேன்."

படிவத்தைத் திருப்பினேன். பின்பக்கம், முனகலுக்கான நூறு கட்டங்கள். போனை இடது காதுக்கு மாற்றினேன். அக்கா தொண்டையைத் தாழ்த்திக்கொண்டு, அந்த வெள்ளிக்கிழமை போலவே, மெல்ல ஆரம்பித்தார். முதல் கட்டத்தில் டிக் போட்டேன். இரண்டாவதிலும். மூன்றாவதைக் காலியாக விட்டேன்.