பட்டியலில் வராத பதினேழு பேர்

ரஷீதா எடுக்கும் பட்டியல் தப்பாது என்று சிராங்கூன் ரோட்டில் இருக்கும் அந்தத் தொண்டு அமைப்பில் எல்லோருக்கும் நம்பிக்கை. அவளுக்கு அதைவிட ஒருபடி கூடுதல் நம்பிக்கை; வினையே அங்கேதான். வாரநாளில் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை, சனிக்கிழமை இங்கே தொண்டு. தனியாக வாழும் முதியவர்களில் இந்த வாரம் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் எடுத்துக் கொடுப்பாள். கடைசியாகப் போன தேதி முப்பது நாளுக்கு முந்தியதா? கம்ப்யூட்டரில் அந்தத் தேதிக்கு 'இதைவிடச் சிறியது' என்று ஒரு குறி போட்டால் போதும், பெயர்கள் மளமளவென்று வந்துவிடும்.

"மொத்தக் கணக்கு சரியா வருதான்னு பாத்தியா?" என்று கேட்டான் உடன் தொண்டு செய்யும் கபிலன்.

"எனக்கே செக்கிங்கா? போ லா!" என்று சிரித்தாள்.

பதினோரு மாதம் கழித்து, ஆண்டறிக்கைக்காக அவளே எண்ணினாள். பார்க்க வேண்டியவர்களையும் அண்மையில் பார்த்தவர்களையும் சேர்த்தால், பதிவு செய்தவர்களில் பதினேழு பேரைக் காணோம். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

பதினேழு பேருக்கும் தேதிக் கட்டம் காலி. பெயரைப் பதிந்ததோடு சரி, அதன்பின் ஒரு தடவைகூட யாரும் போகவில்லை, அதனால் தேதியே இல்லை. காலியை எந்தத் தேதியோடு ஒப்பிட்டாலும் கம்ப்யூட்டர் ஆமென்றும் சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது. அந்த வரிசையைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். 'காலியாக இருந்தாலும் எடு' என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே படித்த பாடம். பாவி, எப்படி மறந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று மாலையே செங்காங் வட்டாரத்தில் முதல் கதவைத் தட்டினாள். சாமுண்டீஸ்வரி, எழுபத்தொரு வயது, வாடகை வீடு. தொண்டு அமைப்பின் அட்டையைக் காட்டியதும் அந்த அம்மாள் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார்.

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி, இவ்வளவு நாளா யாரும் வரல..."

"அய்யோ, நீ ஏம்மா மன்னிப்பு கேக்குற? தப்பு எம்மேலதான். பேரு எழுத வந்த பொண்ணுகிட்ட அன்னிக்குச் சிடுசிடுன்னு பேசிட்டேன். முட்டி வலி வேற. அந்தப் பொண்ணு கோவிச்சுக்கிட்டதாலதான் யாரும் வரலன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்றியாம்மா, இனிமே அப்படிப் பேச மாட்டேன்னு?"

தப்பு தன்னுடையது என்று ரஷீதா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மாள் நம்பவே இல்லை.