ஸ்பிரிட்டில் துடைத்த ஒயர்கள்

பல் டாக்டரம்மாவின் க்ளினிக்கில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறவளுக்குச் சுத்தக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனால் எந்தக் குறடு மேல்பல்லுக்கு, எது கடைவாய்ப்பல்லுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். அவள் கைக்குப் போன எதுவும் ஸ்பிரிட் பஞ்சில் துடைபடாமல் வெளியே வந்ததில்லை. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து முகம் கழுவி வருவதற்குள் கண்ணாடியில் ஸ்பிரிட் வாடை அடிக்கும்.

அந்தப் பழக்கம்தான் அவள் காலை வாரிவிட்டது. மாடியில் இருந்த க்ளினிக், படியேற முடியாதவர்களுக்காகக் கீழ்த்தளத்துக்கு மாறியது. கம்ப்யூட்டர் தம்பி வெளியூர் போக வேண்டியிருந்ததால், ஒவ்வொரு ஒயரிலும் அது எங்கே போகும் என்று பேனாவால் எழுதிவிட்டு, “படிச்சுப் பார்த்து மாட்டினா போதும்க்கா” என்று சொல்லிப் போனான். சுத்தக்கா வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் கழற்றினாள். பத்து வருஷத் தூசி. விடுவாளா? ஒவ்வொன்றையும் துடைத்து, வடிவம் பார்த்து இனம் பிரித்து, குறடுகளைச் சுற்றுவது போலத் துணியில் சுற்றினாள். மறுநாள் காலை பிரித்தபோது ஒயர்கள் பளபளவென்று இருந்தன. எழுத்துதான் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பஞ்சில் நீலமாக ஒட்டிக் கிடந்தது.

தம்பி திரும்பும்வரை காத்திருக்கவும் வழியில்லை. அன்று காலை பல் பிடுங்க வர வேண்டியவர் அவளுடைய சம்பந்தி, மகளின் மாமனார். லாரி ஓட்டுகிறவர். பன்னிரண்டு மணிக்கு வண்டி எடுத்தால் திரும்ப எட்டு நாள். போன வாரம் எடுத்த எக்ஸ்ரே படம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. படம் பிடிக்கிற மெஷினோ கழற்றிப் போட்டபடி இன்னும் மாடியில். ‘எங்க க்ளினிக்குக்கு வாங்கண்ணே, நான் பார்த்துக்கிறேன்’ என்று அவரை வரச்சொன்னவளே சுத்தக்காதான்.

ஒன்பது மணிக்கு அவர் வந்தார். சாதாரண நாளில் வாய் ஓயாத மனிதர். அன்று கன்னம் வீங்கி, பேச்சு முனகலாகச் சுருங்கியிருந்தது. தன் செல்போன் சார்ஜர் ஒயரை எடுத்து, எங்கே செருகலாம் என்று சைகையில் கேட்டார். “பொறுங்கண்ணே, வைங்க” என்றாள். மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சுத்தக்கா குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். எங்கு பார்த்தாலும் ஓட்டை. மூன்று தலைமுறை உறவை முறை தவறாமல் சொல்கிறவள் அவள். ஒயர்களையும் அப்படியே பார்க்க ஆரம்பித்தாள். கரண்டு ஒயர்கள் தடித்த அண்ணன் தம்பிகள். மானிட்டருக்கு ஒருவன், பெட்டிக்கு ஒருவன், பிரிண்டருக்கு ஒருவன். யார் எங்கே போனாலும் தகராறு இல்லை. மானிட்டரையும் பெட்டியையும் சேர்க்கிறவள் நீலத் தலைக்காரி, இரண்டு காதிலும் திருகாணி. அவளுக்கு ஒரே இடம்தான். பிரிண்டர் ஒயருக்குப் பிறந்த வீட்டுப் பக்கம் தட்டை முகம், புகுந்த வீட்டுப் பக்கம் சதுர முகம். கீபோர்டும் மவுஸும் தட்டை முகம், எந்தத் தட்டை ஓட்டையிலும் அடங்கிவிட்டன. கடைசியாக ஒரு மெல்லிய ஒயரை எடுத்து, ஒரு நுனியைப் பெட்டியிலும் மறு நுனியைச் சுவரில் இருந்த சின்ன டப்பாவிலும் செருகினாள். ‘டக்’கென்று உட்கார்ந்தது.

மானிட்டர் எரிந்தது. ஆனால் படம் வரவில்லை. படங்கள் இருப்பது உள்ளறையில் தம்பி முன்பே மாட்டி வைத்திருந்த வேறொரு பெட்டியில். அதனோடு தொடர்பு இல்லை என்று திரை சொன்னது.

தம்பிக்குச் செல்லில் அடித்தாள். அவன் ரயிலில் இருந்தான்.

“நெட்வொர்க் ஒயருக்குக் கண்ணாடி மாதிரி தலை இருக்கும்க்கா. செருகினா டக்குனு சத்தம் வரும்.”

“வந்துச்சே தம்பி.”

“அப்ப படம் வரணுமே…” அதோடு லைன் போய்விட்டது.

கையில் இரண்டு ஒயர் மிச்சம். ஒன்று இதே கண்ணாடித் தலை, கொஞ்சம் அகலம். இன்னொன்று ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் பொடிசு, அழுக்கோ அழுக்கு. அதையும் துடைத்து வைத்தாள். பதினொன்று அடித்தது.

“படம் பார்க்காம நான் கை வைக்க மாட்டேன்க்கா. வேர் நரம்பை ஒட்டிப் போகுது” என்றார் டாக்டரம்மா. வேறு இடத்தில் படம் எடுக்க முடியுமா என்று கேட்க மேஜை போனை எடுத்தார். “இதுவும் செத்துக் கிடக்கே.”

சம்பந்தி கன்னத்தைப் பிடித்தபடி, “என்ன தங்கச்சி, இன்னிக்கு உண்டா, இல்லியா?” என்று முனகினார்.

சுத்தக்கா போனைத் திருப்பினாள். பின்னால் ஒரு குட்டி ஓட்டை காலியாக இருந்தது. அகலத் தலை ஒயரை வைத்து அழுத்தினாள். நுழையவில்லை. அப்போதுதான் அவளுடைய பெரியம்மாவின் மகள்கள் இருவரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் சின்னவள் பெரியவளின் செருப்பை மாட்டிக்கொண்டு ஜோராக நடந்து போய்விட்டாள். சின்னக் கால், தாராளமாக நுழைந்தது. சின்னவள் செருப்பில் கால் நுழையாத பெரியவள் வெறுங்காலோடு வாசலில் நின்றாள்.

மெல்லிய ஒயரைப் பிடுங்கிப் போனுக்கும் சுவரில் இருந்த போன் ஓட்டைக்கும் கொடுத்தாள். அகலத் தலையைப் பெட்டிக்கும் டப்பாவுக்கும் கொடுத்தாள். டப்பாவில் பச்சை விளக்கு சிமிட்டியது. சம்பந்தியின் தாடை திரை முழுக்க வெள்ளையாக வந்து நின்றது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் பல் தட்டில் விழுந்தது. சம்பந்தி மரத்துப்போன வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த ஒற்றை ஒயரை எந்த ஓட்டையும் ஏற்கவில்லை. டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. துணியில் சுற்றி, ‘எந்த வீடு தெரியாது’ என்று எழுதி அலமாரியில் வைத்தாள்.

மூன்று மணிக்கு மேஜை போன் அடித்தது. மகள்.

“அம்மா, மாமாவோட சார்ஜர் ஒயரு அங்க கிடக்கா? அவரு செல்லு செத்துப்போச்சாம். பெட்ரோல் பங்க் போன்லருந்து அத்தைக்குப் பேசியிருக்காரு. பாதி புரியலையாம்.”

“எப்படி இருக்கும்? சுத்தமா இருக்குமா?”

“லாரியில கிடக்கிறது, எங்கேம்மா சுத்தமா இருக்கும்?”

“அப்ப இங்க இல்லடி. இங்க இருக்கிறது பளபளன்னு இருக்கு” என்று சொல்லிப் போனை வைத்தவளின் கண், குப்பைக் கூடையில் கன்னங்கரேலென்று கிடந்த பஞ்சின் மேல் விழுந்தது.