மார்கழியில் குடி போகக் கூடாது

போன குளிர்காலம் எங்களை நன்றாகவே ஏமாற்றியது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்ய வேண்டிய மழை, வானத்தில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மார்கழி பிறந்ததும் குளிர் வந்தது. அதுவும் தாம்பரத்துக்குப் பழக்கமே இல்லாத குளிர். முடிச்சூர் சாலைக்குப் பக்கத்தில் முப்பது வருஷமாக இருக்கிறேன். ஃபேன் போடாமல் தூங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த முறை வாரக்கணக்கில் ஃபேன் ஓடவில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் கொண்டுபோய் வைத்தாலும் பத்து மணி வரை இளகாமல் அடம் பிடித்தது. என் வீட்டுக்காரர் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஊட்டி மாதிரி இல்ல?" என்று கேட்டார்கள். ஊட்டிப் பக்கமே போகாதவர்களும் கேட்டார்கள்.

நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கழுத்திலிருந்து விசில் இறங்கிவிட்டது, குரல் இறங்கவில்லை. உடம்பை அசைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் கட்சி. மனசு சரியில்லை என்று யாராவது சொன்னால் முதலில் முதுகை நிமிர்த்தி நிற்கச் சொல்வேன். பாதிப் பேர் அதற்குப் பயந்தே என்னிடம் மனசைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

எதிர்வீட்டுக்காரி என் இருபது வருஷச் சிநேகிதி. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். கணவர் போய்ப் பல வருஷமாகிறது. ஒரே மகள், எங்களுக்கு இன்னும் பாப்பாதான்; கல்யாணமாகி நாவலூரில் எட்டாவது மாடியில் இருக்கிறாள். சிநேகிதியின் வீடு ஒற்றைத் தளம். என் வீட்டுக்கு மாடி உண்டு. எங்கள் தெருவில் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஐப்பசி வந்தால் கீழ்வீட்டுக்காரர்கள் சாமான்களை ஏற்றத் தொடங்குவார்கள். ஃப்ரிட்ஜ் செங்கல் மேல் ஏறும், மெத்தை பரணுக்குப் போகும், பத்திரமும் ரேஷன் கார்டும் பாலிதீன் பைக்குள் போய் ஆணியில் தொங்கும். கார் வைத்திருப்பவர்கள் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தை பிறந்தால் எல்லாம் திரும்ப இறங்கும்.

சாமான் மேலே ஏறும்போது என் சிநேகிதியின் மனசு கீழே இறங்கிவிடும். வருஷா வருஷம் இதே கதைதான். பேச்சு குறையும். கேட்டால் "ஒண்ணுமில்ல, கிளைமேட்டு" என்பாள். மாசி வந்தால் பழையபடி சிரிப்பாள். நானும் கிளைமேட்டுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள், கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு நாவலூருக்கே போயிடலாம்னு பாக்குறேன்."

அவள் இல்லாத தெருவை நான் யோசித்ததே இல்லை. அழ வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். வந்தது.

"எப்ப?"

"இன்னும் ரெண்டு வாரத்துல."

"அறிவிருக்கா உனக்கு? மார்கழியில யாராவது குடி போவாங்களா?"

ராகு காலத்தில் ஸ்போர்ட்ஸ் டே ஆரம்பித்து, தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். என் வாயிலிருந்து அப்படி ஒரு சாஸ்திரம் வந்ததில் அவளே திகைத்துப்போனாள். ஆனால் மறுத்துப் பேச முடியவில்லை. மார்கழியில் குடி போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாடகைக்கு வருகிறவர்கள்கூட அந்த மாசத்தில் பால் காய்ச்ச மாட்டார்கள்.

"சரி, தை பொறக்கட்டும்" என்றாள்.

எனக்கு ஒரு மாசம் கிடைத்தது. அதற்குள் இவளை நிமிர்த்திக் காட்டுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். வெயில் படாததுதான் வியாதி, வெயில்தான் மருந்து என்று நானே தீர்மானித்தேன். அவள் வீட்டு வாசலில் மரம் மறைக்கும், வெயில் எட்டு மணிக்குமேல்தான் எட்டிப் பார்க்கும். என் மொட்டை மாடியில் ஏழு மணிக்கே அடிக்கும். ஆகவே தினமும் காலையில் என் மாடிக்கு வர வேண்டும், இருபது சூரிய நமஸ்காரம் என்று உத்தரவு போட்டேன்.

முதல் நாள் வந்தாள். படிக்கட்டில் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு வாங்குதா? இந்த வயசுல இப்படியா?" என்று மேலேயிருந்து கத்தினேன். இரண்டாம் நாளும் வந்தாள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. மூன்றாம் நாள் வரவில்லை. நான் கேட்டைத் தட்டினேன். அவளோ சளி என்றாள். மறுநாள் கால்வலி. அதற்கடுத்த நாள் சீக்கிரம் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்தில் எத்தனை சாக்குகளைக் கேட்டிருப்பேன்! இவள் சொன்னவையெல்லாம் அவற்றில் பழசு. விடவில்லை நான், தினமும் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு மூன்றாவதாக ஒருத்தி சேருவாள். கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா. மார்கழியில் அவளுக்கு வியாபாரம் படுத்துவிடும். ஆனாலும் வருவாள். கூடையில் மீன் கொஞ்சம், வாயில் பேச்சு நிறைய. எதிர்வீட்டுக் கேட்டுக்கு உள்ளே படியில் உட்காருவோம், சிநேகிதி டீ போடுவாள், பேச்சு வானிலையில் ஆரம்பித்து எங்கெங்கோ போகும்.

அந்த ஞாயிறு நல்ல பனி. தெருமுனை தெரியவில்லை. அக்கா முந்தானையைக் காது வரை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"இன்னாம்மா குளிரு இது? பேஜாரா கீது. காத்து வாடையா கொண்டலான்னே தெர்ல. கடலு ஒரு நாளு சும்மா கீது, மறுநாளு ஆட்டம் ஆடுது. எங்க வூட்டுக்காரு கடலுக்குப் போவாம வூட்லயே குந்திகினு கீறாரு. குந்திகினு இருக்கற மனுசன் சும்மா இருப்பாரா? கொழம்புல உப்பு இல்லன்றாரு, கறி வேவலன்றாரு. எதிர்த்து ஒரு வார்த்த பேசிட்டா, மூணு நாளு மொகத்தத் தூக்கி வச்சிக்கிறாரு."

"வெயில் வந்தா எல்லாம் சரியாயிடும்க்கா" என்றேன். "மனுஷ மூடு எல்லாம் வெயில்லதான் இருக்கு. இவளயும் அதுக்குத்தான் மாடிக்குக் கூப்பிடுறேன், வர மாட்டேங்குறா."

அக்கா சிநேகிதியைத் திரும்பிப் பார்த்தாள். "உனுக்கு இன்னாம்மா? மழ பயமா? இந்த வருசந்தான் மழயே இல்லியே."

சிநேகிதி டம்ளரைக் கீழே வைத்தாள். "மழைக்கு நான் எப்பக்கா பயந்தேன்? மழை வந்தா இவ வீட்டு மாடிப்படி ஏறணுமேன்னுதான் பயம்."

நான் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

"சிரிக்காதடி. அந்த வெள்ளத்தப்போ உன் மாடியில நாலு நாள் இருந்தோமே, மூணாவது நாள் நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"சாப்பாடு போட்டேன். வேற என்ன சொன்னேன்?"

"'யாரக் கேட்டு ரெண்டு சொம்பு தண்ணி எடுத்த? இது என்ன உன் வீட்டுக் கிணறா?'ன்னு கேட்ட. பதினாலு பேருக்கு முன்னால."

நான் சொல்லவே இல்லை என்று சத்தம் போட்டேன். அவள் என்னோடு வாதாடவில்லை. அதே குரலில் தொடர்ந்தாள். "பாப்பாவுக்கு அன்னைக்கு வந்துடுச்சு. வயசுக்கு வந்து மூணாவது மாசம். பாத்ரூம்ல அழுதுக்கிட்டு இருந்தா. பதினாலு பேர் நடுவுல, ஆம்பளைங்க இருக்காங்க, நான் எதுக்குத் தண்ணின்னு எப்படிச் சொல்லுவேன்? சொம்பத் திருப்பி வச்சுட்டு வந்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை நான்தான் அளந்து கொடுத்தேன். விசில் ஊதி வரிசையில் நிற்கவைத்தேன். அந்த நாலு நாளைப் பற்றி எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு சண்டை இல்லை, ஒரு சொட்டு வீணாகவில்லை என்பேன். அந்தச் சொம்பு அடுக்களை மேடையில் 'டங்'கென்று திரும்ப வந்து உட்கார்ந்த சத்தம் மட்டும் அந்தக் கதையில் வராது. அது எனக்கு இப்போது காதிலேயே கேட்டது.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வார்த்த பெர்சு டீச்சரம்மா. மீன் முள்ளு தொண்டையில மாட்டுனா சோத்து உருண்டைய முழுங்கலாம். இதுக்கு இன்னாத்த முழுங்கறது?" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ சொன்னது எனக்கு அன்னைக்கே ஒரு மாதிரி இருந்தது" என்றார். "அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்று அவர்மேல் பாய்ந்தேன். "உன்கிட்டயா?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அவமானமாக இருந்தது. படியேற முடியாமல் சுவரைப் பிடித்து நின்றவளிடம் மூச்சு வாங்குதா என்று கேட்டிருக்கிறேன். எந்தப் படியில் அவளுக்கு வலித்ததோ, அதே படியில் ஏறினால்தான் குணமாகும் என்று தினமும் போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன்.

நான் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள். மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் போனேன். அவள் சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது தப்புடி. பெரிய தப்பு. பாப்பாகிட்டயும் சொல்லணும்."

"சரி விடு" என்றாள்.

நம் ஊரில் 'சரி விடு' என்றால் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. நான் நகரவில்லை. அவள் மூடியை அழுத்திக்கொண்டே சொன்னாள்: "தையில போறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன். நீ அழுத்தாத. இன்னொண்ணு. இனிமே தண்ணி வந்தா, 'மேல வா'ன்னு என்னக் கூப்பிடக் கூடாது."

"சத்தியமா கூப்பிட மாட்டேன்."

மார்கழி முடியும் வரை கதவைத் தட்டவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கேட்டில் பார்த்தால் குளிரைப் பற்றிப் பேசினோம், எண்ணெய் உறைவதைப் பற்றிப் பேசினோம். போகி அன்று ஃப்ரிட்ஜ் செங்கலிலிருந்து இறங்கியது. மெத்தை பரணிலிருந்து வந்தது. பொங்கல் முடிந்த மறுநாளே அட்டைப்பெட்டிகள் வந்தன. வெள்ளிக்கிழமைக்கு மகள் வண்டி சொல்லியிருப்பதாக அவளே சொன்னாள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள்; பிறந்த வழி நாவலூருக்குப் போயிற்று. நான் வீட்டுக்கு வந்து குக்கர் மூடியைப் போட்டு உடைத்தேன்.

புதன்கிழமை விடியற்காலையில் மழை பிடித்தது. தையில் இப்படி ஒரு மழையை யார் எதிர்பார்த்தது? ஐப்பசி மழைபோல் கொட்டியது. எட்டு மணிக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். ஒன்பதுக்கு எதிர்வீட்டுப் படியைத் தாண்டி உள்ளே போனது. மழைக்காலம் முழுக்கப் பரணில் பத்திரமாக இருந்த அத்தனையும் இப்போது தரையில், அட்டைப்பெட்டிகளில் இருந்தன.

என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பெட்டியை மேஜைமேல் ஏற்றினாள். அடுத்ததைத் தூக்கினாள், அடிப்பக்கம் நனைந்து பிய்ந்து பாத்திரமெல்லாம் தண்ணீரில் விழுந்தது. ஒரு தடவைகூட என் வீட்டுப் பக்கம் அவள் திரும்பவில்லை.

"கூப்பிடேன் அவங்கள" என்றார் என் வீட்டுக்காரர்.

"கூப்பிட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"அதுக்காகப் பாத்துக்கிட்டே இருப்பியா?"

"யார் பாத்துக்கிட்டே இருக்கப்போறது?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினேன். எனக்கு முட்டிவலி உண்டு, யாரிடமும் சொல்வதில்லை. தெருவில் சாக்கடையும் மழையும் ஒன்றாகக் கலந்து ஓடியது. காலால் தடவித் தடவிக் கடந்து அவள் வீட்டுக்குள் போனேன். அவள் நிமிர்ந்தாள்.

"எதுக்கு வந்த?"

"கூப்பிட வரல."

நான் கீழே கிடந்த பாத்திரங்களைப் பொறுக்கி மேஜைமேல் வைத்தேன். எதை எங்கே வைப்பது என்று என் வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்ன இடத்திலேயே வைத்தேன். துணிப்பெட்டிகள் ஏறின. ஃப்ரிட்ஜை நானும் அவளும் சாய்த்து, காலால் செங்கலைத் தள்ளிக் கொடுத்து நிறுத்தினோம். இருவருக்கும் மூச்சு வாங்கியது. மெத்தை மட்டும் பாக்கி. அதன் ஒரு முனையை அவள் பிடித்தபோது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, தெருவுல தண்ணியாமே! டீச்சர் ஆன்ட்டி வீட்டு மாடிக்குப் போயிட்டியா?"

சிநேகிதி என்னைப் பார்த்தாள். முழங்கால் வரை சேற்றோடு நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்லடி. அவதான் கீழ வந்திருக்கா."

மெத்தை முனையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை வண்டி வேணாம்னு சொல்லிடு" என்று போனை வைத்தாள். பிறகு என்னிடம், "அந்தப் பக்கம் புடி, நனையுது" என்றாள்.