அரைச் சாண் தகடு

தன் கை செய்த பொருளை ஒரு மனிதன் எதுவரை நம்பலாம்? அழகிரியின் வாழ்க்கையை நினைத்தால் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

திருச்சி பாலக்கரையில், பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவர் தகர வேலை பார்த்தார். அறுபதுகளின் நடுவில் அந்தத் தெருவில் சுத்தியல் சத்தம் தொடங்கிவிட்டால், பக்கத்துக் கடையில் ஜாடை காட்டித்தான் டீ வாங்க வேண்டும். அழகிரி மேதை இல்லை. அவர் வளைத்த தகடு வளைத்த இடத்திலேயே நிற்கும், அவ்வளவுதான். தன் வேலையில் பிழை என்று அவர் வாயால் ஒருவரும் கேட்டதில்லை.

தோல் மண்டி ஷேக் தாவூதுக்குக் கார் பந்தயப் பித்து. சோழவரம் பந்தயத்தில் அவருடைய ஃபியட்டை ஓட்டவிருந்தவன் அழகிரியின் மச்சினன் நல்லதம்பி. எழுபது மைலைத் தாண்டினால் வண்டியின் பின்பக்கம் லேசாகி, வளைவில் வழுக்கியது. வையம்பட்டிச் சாலையில் ஒருமுறை புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றது. வெளிநாட்டுப் பந்தயக் கார் ஒன்றின் படத்தை ஷேக் தாவூது காட்டினார். அதன் வாலில் குறுக்காக ஒரு தகடு இருந்தது.

"இது மாதிரி ஒண்ணு வெச்சுக் குடுங்க மேஸ்திரி."

அழகிரியின் மனைவி மயிலம்மாள் திருவானைக்காவலில் பூக்கட்டி விற்றாள். அவளிடமிருந்து ஒரு கட்டு வாழை நார் வாங்கி, காரின் கூரையிலும் டிக்கியிலும் வரிசையாக ஒட்டினார்.

"சாமிக்குக் கட்ட நார் இல்ல. இவரு காருக்குச் சடை பின்னுறாரு" என்றாள்.

காரை நல்லதம்பி ஓட்ட, அழகிரி இன்னொரு வண்டியில் பின்னாலேயே போய்ப் பார்த்தார். கூரையில் நார் வாரி விட்டதுபோல் படிந்திருந்தது. டிக்கியின் மேல் எழுந்து எழுந்து துள்ளியது. காற்று அங்கேதான் வண்டியைத் தூக்குகிறது என்று புரிந்தது.

ஒரு சாண் உயரத்துக்குத் தகடு செய்து டிக்கியின் விளிம்பில் பொருத்தினார். எதை மாட்டினாலும் தெருக்கோடியிலிருந்து தெரிய வேண்டும் என்பது பஸ் பட்டறைப் பழக்கம். ஷேக் தாவூது அதில் மண்டியின் பெயரைச் சிவப்பில் எழுத வைத்தார்.

ஓட்டிப் பார்த்துவிட்டு நல்லதம்பி சொன்னான்: "பின்னாடி அட்டை மாதிரி ஒட்டிக்குது மாமா. நாலஞ்சு மைல் வேகம் குறையுது, அது கிடக்கட்டும். ஸ்டியரிங்தான் கையில இருக்கிற மாதிரியே இல்ல."

"புது டயரு மாப்ளே. பழகினா சரியாயிடும்."

மாமா சொன்னால் அவனுக்குச் சரி.

பந்தயத்தன்று காலை ஒத்திகை ஓட்டத்தை வளைவோரம் நின்று பார்த்தார் அழகிரி. நேர்ப்பாதையில் வேகம் ஏற ஏற, காரின் மூக்கு இரண்டு விரல் உயர்ந்தது. பின்பாரம் ஏறிய மாட்டுவண்டியில் நுகத்தடி தூக்குமே, அது போல. பின்சக்கரத்துக்கும் பின்னால் நின்ற தகட்டைக் காற்று அழுத்த அழுத்த முன்சக்கரம் தரையில் பிடிப்பை இழந்தது. இதே வேகத்தில் வளைவுக்கு வந்தால் அவன் திருப்பியும் வண்டி திரும்பாது.

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. யாரிடமோ இரும்பறுக்கும் ஹாக்ஸா இரவல் வாங்கிக்கொண்டு காரிடம் போனார்.

"என்ன மேஸ்திரி, பேரு போயிடும்ல?" என்றார் ஷேக் தாவூது.

"போகட்டும் பாய். அளவு தப்பு. என் தப்புதான்."

நாலு ஊர்க்காரர்கள் சுற்றி நின்று பார்க்க, தகட்டைப் பாதியாக அறுத்து, விளிம்பை அரத்தால் ராவினார். நல்லதம்பி ஒரு சுற்று போய் வந்தான்.

"முன்ன அளவுக்குப் பின்னாடி பிடிக்கல மாமா. ஆனா வழுக்கல. ஸ்டியரிங்கும் கைக்கு வந்துடுச்சு. அந்த வளைவுலயே நின்னு பாருங்க, தெரியும்."

அன்று அவன் மூன்றாவதாக வந்தான். எந்த வளைவிலும் வழுக்கவில்லை.

அழகிரி அதைப் பார்க்கவில்லை. கார்கள் வரிசையில் நின்று உறுமத் தொடங்கியதும், ஹாக்ஸாவை உரியவரிடம் கொடுத்துவிட்டு, வேட்டியில் ஒட்டிய இரும்புத் தூளைத் தட்டிக்கொண்டு, மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். ஏன் என்று மயிலம்மாள் கேட்டாள், நல்லதம்பி பல தடவை கேட்டான். கடைசிவரை அவர் சொல்லவில்லை.