பொய்யெல்லாம் உண்மையாக இருக்கும் ஊருக்கு இரண்டு டிக்கெட்

தேனிலவுப் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பவன், தான் பார்க்காத ஊர்களுக்கு வழி சொல்லிப் பிழைக்கிறவன். என் கடை ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம், ஒரு வலைக்கடையின் மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மீன்பிடித் துறைமுகம் மூக்கில் ஏறும். மூடினால் ஏசி என்ற பெயரில் ஒரு பெட்டி உறுமும். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து, சுவரில் ஒட்டிய நீலக் கடலைப் பார்த்துக்கொண்டே, யார் யாருடைய கல்யாணத்துக்கோ முதல் வாரத்தைத் திட்டமிடுவது என் வேலை. இதே மாதிரி நாற்காலிகளில் மாட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே, "நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே நமக்கெல்லாம் தலை நரைக்கிறது. நான் அனுப்பி வைத்த ஜோடிகளில் ஒன்றை நினைத்தால் மட்டும் இப்போதும் கை வேலையில் ஓடாது. அந்த ஜோடியைப் பற்றித்தான் இந்தத் துணுக்குகள்.

இலக்கணப்படி ஊட்டி

புளியந்தோப்பு அசோக்கும், அவனுக்கு நிச்சயமாகியிருந்த எம்.கே.பி. நகர்ப் பெண்ணும் ஒரு சனிக்கிழமை சேர்ந்து வந்தார்கள். அசோக்குக்குத் துறைமுகத்தில் முக்குளிக்கிற வேலை. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் அடியில் போய், ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுப்பான். அவள் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கணக்குப் பார்க்கிறாள். தூரமாகப் போக வேண்டும், விமானத்தில் போக வேண்டும், வழியில் ஒரு பெரிய நகரத்தைப் பார்க்க வேண்டும், கடைசியில் ஏதாவது ஒரு தெளிந்த கடலில் இருவரும் சேர்ந்து முக்குளிக்க வேண்டும் என்றாள். பேசியதெல்லாம் அவள்தான். அசோக் ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் தமிழ் படித்தவன். அதை யாரிடமாவது காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கூடிக் களிப்பதற்கு மலையையும், பிரிந்து ஏங்குவதற்குக் கடற்கரையையும் ஒதுக்கி வைத்தவர்கள் நம் பழைய புலவர்கள், ஆகவே புதுமணத் தம்பதியைக் கடலுக்கு அனுப்புவது திணை மயக்கம் என்று விளக்கினேன். அசோக் முதல்முறையாக என் பக்கம் திரும்பினான்.

"இலக்கணப்படி போனா ஊட்டிதான் சார். ஊட்டின்னா எங்கம்மாவும் வரேன்னும்."

அசோகருக்கு அவள் என்ன முறை

பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். பெண்ணின் பெயர் சங்கமித்ரா. இரண்டு குடும்பமும் பௌத்தக் குடும்பம். கல்யாணமும் புத்தர் படத்துக்கு முன்னால்தான் என்றார்கள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வரலாற்றில் அசோகருக்குச் சங்கமித்ரா மகள் முறை ஆயிற்றே, பத்திரிகையில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் படித்தவர்கள் முணுமுணுப்பார்களே என்றேன். அசோக் முகம் சிவந்தான். அவளுக்கு இது புதிதில்லை போலிருந்தது. பேர் வைக்கும்போது எங்களைக் கேட்டா வைத்தார்கள் என்று சிரித்தாள்.

சமாதானமாக இருக்கட்டும் என்று, அந்தச் சங்கமித்ராவும் போதி மரக்கன்றை எடுத்துக்கொண்டு கப்பலேறிக் கடல் கடந்தவள்தான், ஆகவே பெயர்ப் பொருத்தம் பயணத்துக்கு நன்றாகவே இருக்கிறது என்று முடித்தேன். சங்கமித்ரா அதையும் திருத்தினாள்.

"அந்தம்மா கடல் மேல போனாங்க சார். நான் கீழ போவணும்."

கதவைச் சாத்திவிட்டு அவன் சொன்னது

மறுநாள் அசோக் தனியாக வந்து, உட்காரும் முன்பே கதவைச் சாத்தினான். துறைமுகத் தண்ணீருக்கு அடியில் ஒன்றுமே தெரியாதாம். டிகாஷன் மாதிரி இருக்கும், மூக்குக்கு நேரே நீட்டிய கையே தெரியாது, தடவித் தடவித்தான் வேலை. கூட வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும், சங்கமித்ராவுக்கு மட்டும் தெரியாது. நிச்சயமான புதிதில் ஒரு நாள் அவள் போனில், இன்றைக்குக் கீழே என்ன பார்த்தாய் என்று கேட்டிருக்கிறாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒரு நீல மீனைச் சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டதாம். அதை இன்னொரு முறை கேட்பதற்காக மறுநாள் ஓர் ஆமையைச் சொன்னான். பிறகு பூவுக்குள் குடியிருக்கும் மீன். பிறகு சுவர் முழுக்கப் பூத்துக் கிடக்கும் பவளம். எல்லாம் செல்போன் வீடியோக்களில் பார்த்தவை. மேலே அவ்வளவு கலீஜாக இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, கீழே போகப் போகத் தெளிந்துவிடும் என்று சமாளித்திருக்கிறான்.

இப்போது, நீ தினமும் பார்ப்பதை நானும் உன் கூட வந்து பார்க்க வேண்டும் என்கிறாள். அது மட்டுமென்றால் பரவாயில்லை. அவளுடைய அக்காவைக் கட்டியவன், இல்லாத உத்தியோகத்தைச் சொல்லிக் கட்டியவன். அக்கா இப்போது பிறந்த வீட்டில். அந்த வீட்டில் சின்னப் பொய், பெரிய பொய் என்று தராசு கிடையாது. உண்மையைச் சொல்லிவிடு என்றேன். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்றான். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நான் சொன்ன பொய்யெல்லாம் எந்த ஊர்ல நெசமா கீதோ, அந்த ஊருக்கு டிக்கெட் போடு சார்."

ஆமைக்கு உத்தரவாதம்

நண்பர்களே, கடல் தெரிகிற அறை கேட்டிருக்கிறார்கள், சைவச் சாப்பாடு கேட்டிருக்கிறார்கள். ஒருவனுடைய கற்பனைக்குப் பொருத்தமான கடலைத் தேடித் தரச் சொன்னது இவன் ஒருவன்தான். கீழே மீன் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நான் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு தீவின் அடியிலும் முங்கிப் பார்த்தேன். ஒரு தீவில் பவளம் வெளுத்திருந்தது. ஒன்றில் நீல மீன் உண்டு, ஆமை இல்லை. ஒன்றில் எல்லாமே உண்டு, ஆனால் அலை பார்த்துத்தான் இறங்கவே விடுவார்கள். தேடத் தேட எனக்கே ஒரு மயக்கம் வந்துவிட்டது. டீ வந்து ஆறியது தெரியவில்லை. வெயில் திரையில் பட்டு நீலமாகத் திரும்பி என் கையில் விழுந்தது. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

கடைசியில் அகப்பட்டது இந்தோனேசியாவில், மனாடோ என்ற ஊருக்கு எதிரே இருக்கும் ஒரு தீவு. அசோக் சொன்ன ஒவ்வொன்றும் அங்கே இருந்தது, அவன் சொன்ன வரிசையிலேயே. முக்குளிக்க அழைத்துப் போகிறவரிடம் போனில் பேசினேன். எல்லாம் சரி, அந்த ஆமை நிச்சயமாக வருமா என்று என் தொழில் புத்தி ஒரு முறைக்கு மூன்று முறை கேட்டது. அவர் தன் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"வரும் ஐயா. ஆனால் ஆமைகள் எங்களிடம் சம்பளத்துக்கு இல்லை."

மீன்கொத்தி

நகரம் கோலாலம்பூர் என்று முடிவானது. அதற்குக் காரணம் அசோக்கின் அம்மா. மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, எதிரே உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். தண்ணிக்குள்ளே மூஞ்சியில் கண்ணாடி மாட்டிக்கொண்டு எடுத்த போட்டோவில் யார் என்று எவனுக்குத் தெரியும், ஓட்டேரிக் கால்வாயில் எடுத்தது என்பார்கள், ஒசந்த கட்டடத்துக்கு முன்னால் ஒரு போட்டோ வேண்டும், அதுதான் அத்தாட்சி என்றார். நியாயம்தான். முதலில் அந்த நகரம், பிறகு மனாடோ என்று போட்டேன்.

திரும்பி வருவதில்தான் பேஜாரு. மறுவீட்டு விருந்துக்கு நாள் குறித்துவிட்டார், முக்குளித்த அன்றைக்கே பிள்ளைகள் விமானம் ஏற வேண்டும் என்றார். அது கூடாது, ஆழத்தில் இருந்துவிட்டு வந்த உடம்பில் காற்று கரைந்திருக்கும், உடனே உயரே போனால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான், நடுவே ஒரு முழு நாள் கரையில் சும்மா இருந்தே ஆக வேண்டும் என்று விளக்கினேன். என் விளக்கத்தில் எனக்கே திருப்தி. அம்மா ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப மீங்கொத்தி மட்டும் எப்டி நைனா முங்கினவொடனே பறக்குது?"

அவள் கேட்டது

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சங்கமித்ரா தனியாக வந்தாள். வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். முகத்தில் எண்ணூர் சாலைப் புழுதி. ஏதோ நகல் கொடுக்க வந்ததாகச் சொன்னாள், கொடுத்தாள், போகவில்லை. நான் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருப்பவன் என்பதால் கேட்கிறாளாம். அவர் கீழே பார்த்ததாகச் சொல்வதெல்லாம் நிஜமா?

பொய் சொல்லவும் வாய் வரவில்லை, காட்டிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. இந்த மாதிரி நேரத்தில் என்னைக் காப்பாற்றுவது படிப்பு ஒன்றுதான். வெளிச்சத்தின் நிறங்களில் சிவப்பு முதலில் மங்கும், நீலம்தான் நெடுந்தூரம் இறங்கும் என்று ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். நான் எதைச் சொல்லாமல் விட்டேன் என்பதையும் சேர்த்துக் கேட்டாள் என்று நினைக்கிறேன். கடைசியில், இதை நீ அவரிடமே கேட்க வேண்டும் அம்மா என்றேன். கேட்டுச் சொல்ல வைத்தால் அது உண்மை ஆகாது, அவராகச் சொல்ல வேண்டும் என்றாள். அக்காவின் கதையையும் ஒரே வரியில் சொன்னாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"பொய்யின்னு தெரிஞ்சா நான் சண்டையெல்லாம் போட மாட்டேன் சார். அப்புறம் அவரு இன்னா சொன்னாலும் என் காதுல ஏறாது. அவ்ளோதான்."

மண்டபத்தில்

கல்யாணத்துக்குப் போனேன். டிக்கெட் உறையை மணமகன் கையில் கொடுக்கிற சாக்கில் காதருகே குனிந்து, அவளாகக் கண்டுபிடிப்பதற்குள் நீயாகச் சொல்லிவிடு என்றேன். சொல்கிறேன், அங்கே போய்ச் சொல்கிறேன் என்றான். ஏன் அங்கே என்று கேட்டேன். போட்டோக்காரர் எங்கள் இருவரையும் சிரிக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"தண்ணிக்குள்ள அவளால திட்ட முடியாதுல்ல சார்?"

மனாடோவிலிருந்து ஒரு போன்

அவர்கள் போன பிறகு எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. விமானம் எங்கே இருக்கிறது என்று செல்போனில் பார்க்கலாம். ஒரு சின்ன மஞ்சள் புள்ளி வங்கக் கடலைத் தாண்டிப் போவதைச் சாயங்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகள் ஒன்றுகூட நகரவில்லை. உலகத்தில் அந்தப் புள்ளி ஒன்றுதான் நகர்கிற மாதிரி இருந்தது.

முக்குளித்த மறுநாள், கரையில் சும்மா இருக்க வேண்டிய அந்த நாளில், மதியம் போன் வந்தது. பேசியது சங்கமித்ரா. கீழே போனதும் ஆமை வந்ததாம். நீல மீன் வந்ததாம். பூவுக்குள்ளிருந்து ஒரு மீன் எட்டிப் பார்த்து, அவள் விரல் நீட்டியதும் உள்ளே போய்விட்டதாம். பவளச் சுவர் மேலேயும் கீழேயும் முடிவில்லாமல் போனதாம். எல்லாம் அவர் சொன்ன மாதிரியே இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் அசோக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தண்ணீரைத் தடவியபடி வந்துகொண்டிருந்தானாம். கூட வந்த வழிகாட்டி, ஆளுக்கு மயக்கம் என்று பயந்து இருவரையும் மேலே கொண்டுவந்துவிட்டார். மயக்கமில்லை. தலைக்கு மேல் தண்ணீர் போனால் கண்ணை மூடிக்கொள்வது அவனுக்குப் பழகிப்போயிருக்கிறது. இருட்டில் கண் திறந்திருந்தால் கை தடுமாறும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழகியது. தெளிந்த தண்ணீரிலும் அது தானாக மூடிக்கொண்டது. திறக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை என்று படகில் சொல்லியிருக்கிறான். தினமும் கீழே வேடிக்கை பார்க்கிற மனிதன் கண்ணை மூடுவானா? அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்கவில்லை. ராத்திரி முழுக்கப் பேச்சில்லை.

காலையில் மணலில் உட்கார்ந்து அவனாகவே எல்லாவற்றையும் சொன்னானாம், முதல் நீல மீனிலிருந்து என் டிக்கெட் வரைக்கும். அவள் எழுந்து கரையின் கோடி வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். மன்னிப்பு கேட்பான் என்று பார்த்தால், நேற்று கீழே என்ன இருந்தது என்று கேட்டானாம். கோபத்தோடுதான் சொல்ல ஆரம்பித்தாள். ஆமையின் கழுத்துச் சுருக்கத்தைச் சொல்லும்போது அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கோபத்தை எங்கே வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லையாம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் விஷயத்துக்கு வந்தாள்.

"பொய் சொன்னதுக்கு ஊருக்கு வந்து பாத்துக்கறேன், உங்களையும் சேத்துதான். மொதல்ல டிக்கெட்ட ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. இவரு இன்னும் ஒண்ணுமே பாக்கல சார்."

விமானம் தாமதமானால் நம்மைத் திட்டுவார்கள், அறை சின்னதாக இருந்தால் திட்டுவார்கள், மழை பெய்தாலும் திட்டுவார்கள், ஆனால் நண்பர்களே, கல்யாணம் நன்றாக அமைந்ததற்காகப் பயண முகவருக்கு ஐந்து நட்சத்திரம் போட்ட வாடிக்கையாளர் இன்னும் பிறக்கவில்லை.